பெரியவள் நகர்ந்த கதை

பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கியில், அதுவும் தேன் மாதிரிக் குரலில், ஒரே பொய்யை வேளாவேளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் பெரியவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நடுவில் இருப்பது சூரியன். அது அசையாமல் ஓரிடத்தில் நிற்க, மற்ற கோள்கள் எல்லாம் அதைச் சுற்றி வருகின்றன."

இதுதான் அந்தப் பொய். அறிவியல் மையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு வட்டக் கூடம். கூடத்தின் நடுவே தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புத் தூண். தூணின் உச்சியில் ஒரு மஞ்சள் கண்ணாடிக் குண்டு, அதற்குள்ளே பெரிய பல்பு. அதுதான் சூரியன். தூணிலிருந்து குட்டையும் நெட்டையுமாக இரும்புக் கைகள் கிளம்பி, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கோள் உட்கார்ந்திருக்கும். அடியில் மோட்டார், பல்சக்கரம், சைக்கிள் சங்கிலி. சுவிட்சைத் தட்டினால் கரகரவென்று எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். சனிக்கு மட்டும் மூட்டுவலி. பாதி வழியில் முனகும். அப்போது பெரியவள் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சமாளிப்பாள்.

அவள் இயற்பியல் படித்தவள். சூரியன் எங்கேயும் சும்மா நிற்கவில்லை, நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை வாய் சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். "உண்மையில் சூரியனும் நகர்கிறது" என்றாள். கூட்டத்தில் நின்ற ஒரு மீசைக்காரர், "அட, அப்படியா?" என்று தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய், சூரியனை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். சூரியன் நகரவில்லை. கீறல்தான் விட்டது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சூரியன் நகருதுன்னு சொன்னீங்களாமே?"

"நகருதே சார்."

"வானத்துல நகரட்டும்மா, நான் வேண்டாங்கலை. நம்ம கூடத்துல அது போல்ட் போட்டு நிக்குது. நகருதுன்னு சொன்னா ஏன் இங்க நகரலைன்னு கேப்பாங்க. அப்புறம் ஆளுக்கு ஒரு தள்ளு தள்ளுவாங்க. எழுதிக் குடுத்ததைப் படிங்க, போதும்."

அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்ததையே படித்தாள். படிக்கும்போதெல்லாம் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும். விழுங்கிக்கொள்வாள். விழுங்கிக்கொள்வதில் அவளுக்கு இருந்த பழக்கம் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. அதற்குக் காரணம் வீடு.

வீட்டில் எல்லாருக்கும் அவள் பெரியவள்தான். அப்பா, அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. அப்பா பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்தை விட்டு வந்துவிட்டார், நிலையம் அவரை விட்டபாடில்லை. வீட்டில் யார் வெளியே போனாலும் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை, திரும்பி வந்தால் ஒரு பார்வை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு எதையும் வைத்த இடம் மறந்துபோகும். தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான், மூடினான். கூரியர் எடுத்தான், விட்டான். இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் அந்த வீட்டில் யார் காதில் விழப்போகிறது?

இவர்கள் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பெரியவள் வேண்டும். கூடத்தில் விளக்கை அணைத்து, வியாழன் கோள் பளபளவென்று வருகிற நேரம் பார்த்துத்தான் அவள் போன் நடுங்கும். தூணுக்குப் பின்னால் குனிந்துகொண்டு கிசுகிசுப்பாள்.

"என்னம்மா?"

"என் கண்ணாடியைக் காணோம்டி."

"நெத்தியில பாரும்மா."

"அட, ஆமா! நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

இந்த "நீ இல்லேன்னா" இருக்கிறதே, அதைத்தான் அந்த வீட்டில் வாய்க்கு வாய் சொல்வார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். கேட்டுக் கேட்டு அவள் கழுத்தில் அது கயிறாக விழுந்திருந்தது. அவளுக்கு வரன் வராமலா இருந்தது? வந்தது. ஒருவருக்கு ஊர் தூரம், ஒருவருடைய அம்மா ரொம்பப் பேசுகிறாள், ஒருவர் நல்லவர்தான், ஆனால் உயரம் என்று வீட்டில் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, நிம்மதியாக நாற்காலியில் சாய்வார். "பெரியவ போயிட்டா இந்த வீடு என்ன ஆகும்?" என்பார். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகு யாரும் வரவில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. யாராவது கேள்வி கேட்டுவிட்டால் பாதியில் விடமாட்டாள். சனிக்கு ஏன் வளையம் என்று ஒருவர் போகிற போக்கில் கேட்டதற்கு, அவர் கூடவே மாடிப்படி ஏறி, வாசல் தாண்டி, கேட் வரைக்கும் போய்ச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். மோட்டாருக்கு எண்ணெய் போடுகிற மெக்கானிக்கை எல்லாரும் சங்கிலி அண்ணன் என்பார்கள். அவர் சிரிப்பார்.

"உங்ககிட்ட கேள்வி கேட்டவன் பஸ்ஸை விட்டான்னு அர்த்தம்மா."

"அரைகுறையா சொன்னா அது பதிலா அண்ணே? கேட்டவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

"போனா போகட்டுமே! உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அப்படி விட அவளால் முடியாது. வீட்டில் வாய் திறக்காதவளுக்கு வாய் திறக்கக் கிடைத்த ஒரே இடம் அது.

ஒரு நாள் இயக்குநர் மறுபடியும் கூப்பிட்டார். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரத்தில், இன்னொரு ஊரில், பெரிய மையம் ஒன்று கட்டுகிறார்களாம். அங்கே கூரையிலே தண்டவாளம் போட்டு, சூரியன் நிஜமாகவே நகர்கிற மாதிரி ஒரு கூடம் அமைக்கிறார்களாம். விளக்கம் சொல்ல அனுபவம் உள்ள ஆள் வேண்டும். சங்கிலி அண்ணனையும் அங்கே மாற்றுகிறார்கள்.

"உங்களுக்கு வீட்டுக் கஷ்டம் இருக்கும், தெரியும். யோசிச்சு ஒரு வாரத்துல..."

"போறேன் சார்."

"வீட்டுல கேட்டுட்டு..."

"போறேன் சார்" என்றாள் இன்னொரு தடவை. தன் வாயிலிருந்து வந்ததா அது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

வீட்டில் அலுவலக வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு, சங்கிலி அண்ணனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், தண்டவாளத்தைப் பார்த்தாள், எல்லாம் சரி. ஆனால் அவளை ஒரேயடியாகச் சாய்த்தது சூரியன் இல்லை. ஊழியர்களுக்கு என்று சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கட்டடம் இருந்தது. அதில் மூன்றாவது மாடியில் தனியாள் அறை ஒன்றைக் காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, சின்னதாக ஒரு சமையல் மேடை, பெரிய ஜன்னல். அவ்வளவுதான். காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். பெரியவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் தொலைக்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறோமா, இத்தனை வருஷம் இது தெரியாமல் போச்சே என்று அழுகிறோமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு இது வேணும்" என்றாள் வாய்விட்டு. வேணும் என்று அவள் சொல்லிக் கேட்டது அந்தச் சுவர்கள்தான். வேறு யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தை உடைத்தாள். மாற்றல் வந்திருக்கிறது, போகப் போகிறேன், அங்கே அறை தருகிறார்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் அம்மா முந்தானையை எடுத்துவிட்டாள்.

"அப்ப எங்களை விட்டுட்டுப் போறே?"

"வேலைம்மா."

"என் மாத்திரையை யாரு எடுத்துக் குடுப்பா?"

தம்பி மனைவி தலை நிமிராமல், "நான் மருந்துக் கடையிலதானே அத்தை இருக்கேன்" என்றாள். யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவளே மறுபடியும், "அண்ணி போகட்டும் மாமா. ஆசையா சொல்றாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஓகோ, நான் எப்போது கிளம்புவேன் என்று இவள் காத்துக்கொண்டிருக்கிறாளா? இருக்கட்டும், இருக்கட்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். "பெரியவளே, நான் சொல்றதைக் கேளு. இந்த வீட்டுல நாங்கல்லாம் பஸ் மாதிரி. போவோம், வருவோம். நீ டிப்போ. டிப்போ எங்கயாவது கிளம்பிப் போகுமா?"

தம்பி வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். "டிப்போ என்னப்பா டிப்போ! அக்காதான் நம்ம சூரியன். அவளே தினமும் மைக்குல சொல்றாளே, நடுவுல நிக்கறது சூரியன், அது அசையாது, மத்ததெல்லாம் அதைச் சுத்துதுன்னு. சொல்றியா இல்லையாக்கா?"

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்!

"பொய்!" என்று மேசையைத் தட்டினாள் பெரியவள். தண்ணீர் தளும்பியது. "பச்சைப் பொய் அது. எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன். சூரியன் நிக்கலை. யாரு சொன்னா நிக்குதுன்னு? அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு."

பெரியவள் மேசையைத் தட்டி அந்த வீடு பார்த்ததே இல்லை.

அப்பாதான் முதலில் சமாளித்துக்கொண்டார். போக்குவரத்து விஷயம் என்றால் அவருக்கு ஓர் ஆர்வம் தானாக வந்துவிடும். "போகுதா? எங்க போகுது?"

"நம்ம பால்வீதி இருக்கில்லப்பா, கோடிகோடியா நட்சத்திரம் சேர்ந்த ஒரு பெரிய சக்கரம் மாதிரி. அதோட நடுமையத்தைச் சுத்திப் போகுது."

"வேகம்?"

"நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல."

"நொடிக்கா! ஏய், மணிக்கா நொடிக்கா, சரியா சொல்லு."

"நொடிக்குத்தான்."

"ஒரு சுத்து முடிச்சு வர எவ்வளவு நேரம்?"

"இருபது கோடி வருஷத்துக்கு மேல ஆகும்."

அப்பா பிரமித்துப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படி ஒரு வண்டிக்கு அவர் வாழ்நாளில் நேரம் குறித்ததில்லை. "அடேயப்பா! அப்ப சூரியனே ஒரு இடத்துல நிக்கறதில்லை."

"நிக்கறதில்லை. அப்புறம் நான் மட்டும் எதுக்குப்பா நிக்கணும்?"

தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். அம்மாகூட முந்தானையைக் கீழே விட்டுவிட்டாள். பெரியவள் ஜெயித்துவிட்டாள். அந்த நிமிஷம் எழுந்து கையைக் கழுவியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கதை வேறாகியிருக்கும். ஆனால் அப்பா யோசனையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி. சூரியன் அந்த ஓட்டம் ஓடுதுன்னா, பூமி பின்தங்கிப் போயிடாதா? நம்மளை விட்டுட்டுப் போயிடாதா அது?"

கேள்வி கேட்டுவிட்டார்கள். கேட்டால் பெரியவள் விடுவாளா? தான் இருப்பது சாப்பாட்டு மேசை என்பதும், எதற்காக இந்தப் பேச்சு வந்தது என்பதும் அவளுக்கு மறந்தே போனது. முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர்க் குவளையை எடுத்து நடுவில் வைத்தாள். சுற்றிலும் உப்புக் கிண்ணம், கரண்டி, தம்பியின் தட்டு எல்லாவற்றையும் நெருக்கி வைத்தாள்.

"அதுதாம்ப்பா அழகே! விட்டுட்டுப் போகாது. போகவும் முடியாது. சூரியனோட ஈர்ப்பு எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. அது எங்க போனாலும் பூமி, செவ்வாய், வியாழன், சனி, கடைசில கிடக்கிற சின்னச் சின்னக் கல்லு வரைக்கும் எல்லாம் கூடவே போகும். சுத்திக்கிட்டே போகும். இதோ, இப்படி." குவளையை மேசை மேல் மெல்ல நகர்த்தினாள். இன்னொரு கையால் கிண்ணத்தையும் கரண்டியையும் சேர்த்து நகர்த்தினாள். "ஒண்ணைக்கூட விட்டுட்டு வராது. ஒரு குடும்பம் மொத்தமா குடிபோற மாதிரி வச்சுக்கோங்களேன்."

சொல்லி முடித்துவிட்டு, கூடத்தில் கைதட்டலுக்கு நிற்பது போல நிமிர்ந்து பார்த்தாள். தம்பி மனைவி நெற்றியில் கை வைத்திருந்தாள்.

அப்பா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்றார். "கிளம்பு."

பெரியவள் குவளையிலிருந்து கையை எடுத்தாள். "நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான். நான்தான் இத்தனை நாளா தப்பா நினைச்சுட்டேன். இந்தப் பழைய வீட்டுல நமக்கு என்ன இருக்கு? வாடகை வீடுதானே. எல்லாருமே கிளம்பிடுவோம்."

"எல்லாருமேவா?"

"பின்னே? நீயே சொல்லிட்டே, கல்லைக்கூட விட்டுட்டுப் போகாதுன்னு!"

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தம்பி கரண்டியைத் தூக்கி, "அக்கா, நான்தான் அந்தக் கடைசிக் கல்லு" என்றான். என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு! அந்த வீட்டில் அப்படி ஒரு மத்தியானம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெரியவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

மறுநாளிலிருந்து அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. எந்த ரயில், எந்த லாரி, எந்தச் சாமான் முதலில், எது கடைசியில் என்று காலையில் எழுந்தால் அதே பேச்சு. ஓய்வு பெற்ற மனிதருக்கு மறுபடியும் வண்டி அனுப்புகிற வேலை கிடைத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து, "வராதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. பெரியவள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

"அங்க வெயில் ஜாஸ்திப்பா."

"வெயில் எங்கதான் இல்லை?"

"தண்ணிக் கஷ்டம்னு சொல்றாங்க."

"நல்ல தொட்டி இருக்கிற வீடா பாத்துக்கலாம்."

"அம்மாவுக்கு ரயில்ல அவ்வளவு தூரம் உக்கார முடியாது."

"படுக்கை வண்டில போறோம். அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே."

தம்பி மனைவி ஒரு தடவை துணி மடிக்கும்போது, "அண்ணி, உங்களுக்கு நிஜமாவே எல்லாரும் வரணும்னு ஆசையா?" என்று கேட்டாள். பெரியவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சுருக் இன்னும் ஆறவில்லை. "ஏன், ஆசையா இருக்கக் கூடாதா?" என்றாள் வெடுக்கென்று. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வாரம் மருந்துக் கடையில் சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

பெரியவளுக்கு ஒரு நப்பாசை மிச்சம் இருந்தது. புது ஊரில் வீடு இருக்கட்டும், அவர்கள் எல்லாரும் அங்கே இருக்கட்டும். அந்த மூன்றாவது மாடி அறையையும் வைத்துக்கொள்வது. ராத்திரி வேலை, அவசர வேலை என்று ஏதாவது சொல்லி அவ்வப்போது போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. இப்படித் திருட்டுத்தனமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, அப்பா மலர்ந்த முகத்தோடு வாசலிலேயே நின்றார்.

"ஒரு வேலை முடிச்சுட்டேன். உங்க புது ஆபீசுக்குப் போன் பண்ணினேன்."

"எதுக்குப்பா?"

"அந்த ஒத்தை ரூம் வேண்டாம், வேற யாருக்காவது குடுங்க, பொண்ணு குடும்பத்தோட வருதுன்னு சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அந்த ரூமை அங்க வேலை பாக்கற இன்னொருத்தங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். தனி ரூம்ல கிடந்து நீ ஏன் கஷ்டப்படணும்?"

"சரிப்பா" என்றாள் பெரியவள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றாள். வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது.

குடிபோனார்கள். ரயில் முழுக்க அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் நேரம் பார்த்தார். புது வீட்டில் ஆளுக்கு ஓர் அறை என்று பிரித்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு நடு அறை. மூன்று பக்கமும் கதவு, ஜன்னல் கிடையாது. "அங்க இருந்தாத்தான் யாரு கூப்பிட்டாலும் உனக்குக் கேக்கும்" என்றாள் அம்மா. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அந்த வீட்டின் தொல்லையே, யாரும் கெட்டவர்கள் இல்லை.

புதுக் கூடம் திறந்த அன்று குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. சங்கிலி அண்ணன் சுவிட்சைப் போட, கூரைத் தண்டவாளத்தில் அந்தப் பெரிய மஞ்சள் வெளிச்சம் சத்தமில்லாமல் கிளம்பியது. கோள்கள் சுழன்று சுழன்று அதனோடு போயின. "சூரியன் நிற்பதில்லை. அது நகர்கிறது" என்று பெரியவள் மைக்கில் சொன்னாள். இதைச் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தாள்! சொன்னதும் தொண்டையில் இருந்த முள் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. விளக்குப் போட்டார்கள், கைதட்டினார்கள். அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், "என் பொண்ணுதான். நாங்கல்லாம் அவளுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். மூன்றாவது மாடி ஜன்னலில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் புது வீட்டின் சமையலறையில் தம்பி மனைவி பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் டீ போட வந்தாள். பாத்திரச் சத்தம் மட்டும்தான். பால் பொங்குகிற நேரத்தில் பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு, திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்கு நான் போகணும்னு நீ சொன்னப்போ, நீ என்னை விரட்டப் பாக்கறியோன்னு நினைச்சேன்."

தம்பி மனைவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "விரட்டத்தான் அண்ணி பாத்தேன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க தப்பிச்சுப் போயிடணும்னு பாத்தேன். நீங்க போனா, இவரும் வேற வழியில்லாம ஒரு வேலைக்குப் போவாரு. அத்தை கண்ணாடியை அத்தையே தேடுவாங்க. நீங்களும் பிழைச்சிருப்பீங்க, நானும் பிழைச்சிருப்பேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேரும்தான் அண்ணி மாட்டிக்கிட்டு இருக்கோம். உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலை" என்றாள் பெரியவள். பொய் இல்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதெல்லாம் தெரிந்தவளுக்கு, ஒரே அடுப்பின் அந்தப் பக்கம் நின்றவளைத் தெரியாமல் போயிருந்தது.

"துணி மடிக்கறப்போ கேட்டேனே, எல்லாரும் வரணும்னு ஆசையான்னு. இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மாமா முன்னாடி உங்க பக்கம் நின்னிருப்பேன். என் வேலையையும் விட்டிருக்க மாட்டேன். ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

பெரியவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டு அழுதாள். இவ்வளவு பேசுகிறவள், மைக் பிடித்து ஊருக்கெல்லாம் பேசுகிறவள், தனக்காக ஒரு வார்த்தை பேசாமல் இன்னொருத்தியையும் சேர்த்து இழுத்து வந்துவிட்டேனே என்று அழுதாள். தம்பி மனைவி பக்கத்தில் வந்து, துடைக்கிற துணியையே எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை அண்ணி" என்றாள் மெதுவாக. "இப்பச் சொன்னாலும் சரிதான். நான் இருக்கேன்."

பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம், சொல்லலாம். இப்போதே போய்ச் சொல்லலாம். சரி என்று தலையை ஆட்டினாள், நிமிர்ந்து நின்றாள், வாயைத் திறந்தாள்.

அந்தப் பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவளே! என் கால்ல கொஞ்சம் தைலம் தேச்சு விடேன். நீ இல்லேன்னா..."

தம்பி மனைவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேம்மா" என்றாள் பெரியவள்.